நியான் மயிலும் 42 நாளும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் நடத்தும் டிபன் கடைக்கு ஒரு நியான் மயில் செய்யக் கொடுத்திருந்தேன். எல்இடி இல்லை, கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைத்து வாயு அடைத்த அசல் நியான். மயில் வந்த அன்றே மாட்டிவிடலாம் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். நம்ம ஊர்த் தம்பிதான். வேனிலிருந்து ஏணியை இறக்காமலே கேட்டான்: "தீயணைப்புத் துறைக்கு நோட்டீஸ் கொடுத்தாச்சா அண்ணா?"

"போர்டு மாட்ட அவங்க எதுக்குப்பா?"

12 வோல்ட், 24 வோல்ட் எல்இடி என்றால் இந்தப் பேச்சே இல்லையாம். நியான் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும். கடை தீப்பிடித்து, வெளியே ஏணி போட்டுத் தண்ணீர் அடிக்கிறவர் தலைக்குப் பக்கத்தில் அந்தக் கம்பி ஓடிக்கொண்டிருந்தால்? அதனால்தான் 2005-ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்பு ஆணையின் 37-ஆவது பிரிவு, இரு கம்பிகளுக்கிடையே 1,000 வோல்ட் ஏசி மின்னழுத்தத்தைத் தாண்டும் குழாய் விளக்குப் பலகைக்குத் தனி ஸ்விட்ச் கேட்கிறது. அது எங்கே வரும், என்ன நிறம் என்று வேலை தொடங்கக் குறைந்தது 42 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள்தான் குறைவு! மயிலைப் போர்வையில் சுற்றி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

படம் நானே வரைந்தேன். ஸ்விட்சை உள்ளே, கல்லாவுக்கு மேலே போட்டிருந்தேன். தம்பி சிரித்துவிட்டான். "ராத்திரி ஷட்டர் இறங்கினப்புறம் யார் வந்து அணைப்பாங்க?" சரி, வெளியே, பலகைக்குப் பக்கத்துச் சுவர். அதிலும் கணக்கு உண்டு: தரையிலிருந்து 2.75 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நான் காட்டிய இடத்தில் டேப் பிடித்தால் 2.9. ஷட்டர் பெட்டிக்குக் கீழே இறக்கினோம். சிவப்பு நிறம், தீயணைப்பு ஸ்விட்ச் என்று பெரிய எழுத்தில் பலகை, 'ஆஃப்' மேல் பக்கம். கீழே நின்று கம்பால் தள்ளினாலே அணைய வேண்டும். இணைப்பும் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால், குறைந்த வோல்ட் பக்கத்தில்தான்.

அனுப்பிய பிறகு தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 21 நாளுக்குள் மறுப்புக் கடிதம் வராவிட்டால் அவர்களுக்குச் சம்மதம் என்றே அர்த்தம். வரவில்லை. அதற்காக 42 நாள் குறையாது. கவுன்சிலில் விளம்பர அனுமதி தனி. அதற்கு எட்டு வாரம். இரண்டையும் ஒரே நாளில் அனுப்பியது மட்டும்தான் இதில் நான் உருப்படியாகச் செய்த காரியம். மயிலுக்குப் பணம் கொடுக்கும் முன்பே அனுப்பியிருக்க வேண்டும்.

மாட்டிய அன்று மாலை மயில் நீலமாக எரிந்தது. தம்பி துடைப்பக் கட்டையை என் கையில் கொடுத்து, "தள்ளுங்க அண்ணா" என்றான். தள்ளினேன். டக்கென்று இருட்டு. எதிர்ப் பக்கமிருந்து வாடிக்கையாளர் ஒருவர் கத்தினார்: "என்னங்க, அதுக்குள்ள மூடிட்டீங்களா?"