சோறு கடைசியில் வந்தது

சென்ற புரட்டாதி மாதத்தின் கடைசி வாரத்தில், மட்டக்களப்பில் பெரும்போகத்துக்கு வயலை உழுதுவிட்டு எல்லோரும் மழையைப் பார்த்திருந்த நாட்களில், நான் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக ஜப்பானின் கியோட்டோ நகரில் இருந்தேன். பயிற்சி முடிந்த மறுநாள், எங்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் என்னைப் பகல் உணவுக்கு அழைத்துச் சென்றார். அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைக் கொண்டு ஒவ்வொரு பதார்த்தமாகச் சமைத்துப் பரிமாறும் கைசெக்கி விருந்து அது. மட்டக்களப்பின் கல்லடியில் பிறந்து வளர்ந்த எனக்குச் சாப்பாடு என்றால் சோறுதான். கறி எத்தனை இருந்தாலும் அவை சோற்றுக்குத் துணை. அன்று அந்தச் சோற்றைக் காண இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன்.

கைசெக்கி என்ற ஒரே ஒலிப்பில் இரண்டு சொற்கள் இருப்பதைப் பேராசிரியர் விளக்கினார். ஒன்றின் எழுத்துகளுக்கு 'மடியில் வைத்த கல்' என்று பொருள். சென் பௌத்தத் துறவிகள் பசியைத் தாங்குவதற்காகச் சூடாக்கிய கல்லை ஆடைக்குள் அணைத்து வைத்திருந்தார்கள் என்றும் அதிலிருந்து அப்பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். அது, 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ செம்மைப்படுத்திய தேநீர்ச் சடங்கோடு தொடர்புடைய எளிய உணவு. கடுமையான தேநீர் வெறும் வயிற்றில் இறங்கக் கூடாது என்பதால் அதில் சோறு தொடக்கத்திலேயே வந்துவிடும். மற்றையது ஒன்றுகூடி மது அருந்தும் விருந்தைக் குறிக்கும். அதில் மதுவுக்கேற்ற பதார்த்தங்கள் முந்திக்கொள்ள, சோறு கடைசிக்குப் போய்விடுகிறது. நாங்கள் அமர்ந்திருந்தது இரண்டாவது வகைக்கு. நான் மது அருந்துவதில்லை என்பதற்காக எவரும் ஒழுங்கை மாற்றவில்லை.

முதலில் வந்த சிறு கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடுத்து வந்தது மூடி போட்ட கறுப்பு அரக்குக் கிண்ணம். மூடியின்மேல் நீர்த்துளிகள் தெளிக்கப்பட்டிருந்தன. சமையலறையில் மூடிய பிறகு வேறு எவரும் திறக்கவில்லை என்பதற்கு அவை அடையாளம். நான் திறக்க முயன்றேன். மூடி அசையவே இல்லை. உள்ளே ஆவி குளிர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருந்தது. பேராசிரியர் தம் கிண்ணத்தின் விளிம்பை இடக்கையால் இலேசாக அமுக்கிக் காட்ட, நானும் அப்படியே செய்தேன். காற்றுப் புகுந்த சிறு ஓசையோடு மூடி கழன்றது.

உள்ளே தெளிந்த சாறும், ஹமோ என்னும் கடல் விலாங்கின் ஒரு துண்டும், மட்சுத்தாக்கே காளானின் ஒரு கீற்றும் இருந்தன. ஹமோவின் சதைக்குள் எடுக்க முடியாத நுண்முட்கள் நிறைந்திருப்பதால், தோல் அறுபடாமல் 3 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் 24 வெட்டுகள் அளவுக்கு நெருக்கமாகக் கத்தியை ஓட்டுவார்கள். வெந்ததும் அது வெள்ளைப் பூவாக விரிந்துவிடுகிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் கியோட்டோவுக்கு அந்தக் காலத்துக் கோடை வெயிலிலும் உயிரோடு வந்து சேர்ந்த மீன் என்பதால் அங்கு அதற்குத் தனி மதிப்பு. ஒரு பொருளின் முதல் வரத்தை ஹஷிரி என்றும், நடுப்பருவத்தை ஷுன் என்றும், கடைசி வரத்தை நகோரி என்றும் அவர்கள் பிரிக்கிறார்கள். அன்றைய கிண்ணத்தில் மீன் விடைபெற்றுக்கொண்டிருந்தது, காளான் வந்துகொண்டிருந்தது. பாலைப்பழம் முடிகிற நாட்களில் நாங்களும் வாங்குவோம்தான், மலிவாகக் கிடைத்தால்.

சாற்றின் சுவை எங்கேயோ பழகியதாகத் தோன்றியது. கொம்பு என்னும் கடற்பாசியும் கட்சுவோபுஷியும் சேர்ந்த சாறு அது. கடற்பாசியிலிருந்துதான் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா 'உமாமி' என்ற சுவையைப் பிரித்தறிந்தார். ஆனால் என் நாக்குக்குப் பிடிபட்டது மற்றையது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, காயவைத்துச் செய்வது கட்சுவோபுஷி. நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் ஏறக்குறைய அப்படித்தான் உருவாகிறது. அவர்கள் அதைக் காகிதம்போல் சீவி, சுடுநீரில் சிறிது நேரமே விட்டு வடித்துவிடுகிறார்கள். நாமோ மிளகாயோடு இடித்து, மாசி இருப்பதே தெரியாமல் செய்துவிடுகிறோம்.

பச்சை மீன் எனக்குச் சப்பென்று இருந்தது. எட்டு சுன், அதாவது சுமார் 24 சென்ரிமீற்றர் சதுர மரத்தட்டில் மலைப்பொருளும் கடற்பொருளும் அடுக்கி வரும் ஹஸ்ஸுன் கண்ணுக்கு நிறைவாக இருந்ததே தவிர வாய்க்கு அவ்வளவாக இல்லை. சுட்டதும் அவித்ததும் வந்து போயின.

பின்னர் மண்சட்டியொன்றைக் கொண்டுவந்து, பரிமாறுமுன் எங்களுக்குத் திறந்து காட்டினார்கள். அந்தப் பருவத்தில் அறுத்த புது அரிசிச் சோறு. துணைக்கு ஊறுகாயும், மிசோ என்னும் புளித்த சோயா விழுது கரைத்த சூப்பும் மட்டுமே. கறி கேட்கத் தோன்றவில்லை. இரண்டு முறை வாங்கி உண்டேன். மூன்றாவது முறை கிண்ணத்தை நீட்டியபோது, பரிமாறிய அம்மையார் சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்திருந்த காந்தலைச் சுரண்டி, உப்புத் தூவித் தந்தார். சிறு வயதில் அந்தக் காந்தலுக்காக நானும் தம்பியும் சண்டை பிடித்திருக்கிறோம்.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் ஒவ்வொரு பதார்த்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்தி, "சோறு தரல்லையா மனே?" என்றார். தந்தார்கள், கடைசியில் என்றேன்.

"கடைசியிலயா? அதுக்குள்ள பசி செத்திருக்குமே."