எந்தப் பக்கம் பார்த்து நின்று வேண்டுவது?

கடவுள் எங்கும் நிறைந்தவர் என்றால் ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்த்து நிற்பானேன் என்று பலர் கேட்பார்கள். அதை விட, எதை நோக்கி நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிலருக்கு அது ஒரு திசை, சிலருக்கு ஓர் இடம்.

சந்தியாவந்தனம் செய்பவர் காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும் பார்க்கிறார், அங்கே சூரியன்தான் கணக்கு. பழைய தேவாலயங்கள் பலவற்றில் பீடம் கிழக்கே இருக்கும், கிறிஸ்து அந்தத் திசையிலிருந்துதான் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை. எந்த நாட்டுக்குப் போனாலும் கிழக்கு கிழக்குதான், குழப்பமே இல்லை.

இடம் என்று வந்துவிட்டால் கதை வேறு. யூதர்களுக்கு எருசலேம், சமாரியர்களுக்கு கெரிசீம் மலை, முஸ்லிம்களுக்கு மக்காவிலுள்ள கஅபா. ஒரு ஊரில் மேற்கே பார்ப்பவர் இன்னொரு ஊரில் வடக்கே பார்க்க வேண்டிவரும். கஅபாவின் பக்கத்திலேயே போய்விட்டால் வரிசைகள் வட்டமாகிவிடுகின்றன, எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நோக்கி நிற்கிறார்கள். உள்ளே போய்த் தொழுதால் எந்தப் பக்கமும் பார்க்கலாம்!

முஸ்லிம்களும் முதலில் எருசலேமை நோக்கித்தான் தொழுதார்கள். 624-இல், ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், கிப்லா, அதாவது தொழும்போது நோக்கி நிற்கும் திசை, கஅபாவுக்கு மாறியது. மதீனாவிலிருந்து எருசலேம் வடக்கே, மக்கா தெற்கே. தொழுகையின் நடுவிலேயே செய்தி வந்து, நின்றவர்கள் அப்படியே திரும்பிக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. முன்வரிசை பின்வரிசையாகியிருக்கும், இமாம் மறுபக்கம் நடந்து போயிருக்க வேண்டும். மதீனாவில் இரண்டு கிப்லாக்களின் பள்ளிவாசல் இதன் நினைவாகவே இருக்கிறது.

அப்புறம் கணக்கு. நியூயார்க்கிலிருந்து மக்கா எந்தப் பக்கம்? தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் தென்கிழக்கு என்றுதான் தோன்றும், ஆனால் பூமி உருண்டை, மிகக் குறுகிய வழியைப் பிடித்தால் அது வடகிழக்கில் கிளம்புகிறது. வட அமெரிக்காவில் இதை வைத்து உண்மையாகவே வாதம் நடந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்-பிரூனி என்ற அறிஞர் கிப்லாவுக்காக உருண்டைக் கணிதத்தில் இறங்கியவர். ஒரு குச்சியை வைத்தும் கண்டுபிடிக்கலாம்: மே 28-ஐயும் ஜூலை 16-ஐயும் ஒட்டி, மக்காவின் நண்பகலில் சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் ஊரில் வெயில் இருந்தால், தரையில் செங்குத்தாக ஒரு குச்சியை நட்டு, நிழல் விழும் பக்கத்துக்கு நேர் எதிரே, அதாவது சூரியன் இருக்கும் பக்கம் திரும்புங்கள், அதுதான் கிப்லா. கருவி எதுவும் வேண்டாம்.

இவ்வளவு துல்லியம் பார்ப்பவர்கள் முடியாதவரைக் கைவிடுவதில்லை, எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான். கழுதை மேல் போகிறவர் இறங்கி நின்று வேண்டட்டும், இறங்க முடியாவிட்டால் முகத்தையாவது திருப்பட்டும், அதுவும் முடியாவிட்டால் மனத்தை எருசலேம் ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்தை நோக்கி வைக்கட்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. 2007-இல் மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகோர், சுமார் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அவருக்கு வகுத்துக் கொடுத்த வழிமுறையும் இதே படிகள்தான்: முடிந்தால் கஅபா, இல்லையென்றால் அதற்கு நேர் மேலேயுள்ள வெளி, அதுவும் இல்லையென்றால் பூமி, எதுவுமே முடியாவிட்டால் எந்தப் பக்கமானாலும் சரி.