முஹம்மது என்ற பெயரோடு ஃபுளோரிடாவில் விமானம் ஓட்டப் படித்தது

காயல்பட்டினத்திலிருந்து அமெரிக்காவுக்கு விமானி பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது, “இந்தப் பேரை வச்சுக்கிட்டு உன்னை விடுவாங்களா?” என்றுதான். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலை நடத்தியவர்களில் சிலர் ஃபுளோரிடாவின் வெனிஸ் நகரில் விமானம் ஓட்டப் பழகியவர்கள். நான் சேர்ந்ததும் அதே மாநிலத்தில்.

விடுகிறார்கள். எந்த நாட்டவராக இருந்தாலும், எந்த மதமானாலும், அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால் டிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் கைரேகை கொடுத்து, தகுதி பெற்ற பிறகுதான் பறக்கப் பழக முடியும். முன்பெல்லாம் தனியார் விமானி உரிமம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள விமானத்துக்கான மல்டி இன்ஜின் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூலை இறுதியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஒருமுறை பெறும் தகுதி ஐந்து ஆண்டு வரை செல்லும்.

என்னைப் படுத்தியது பாஸ்போர்ட்டில் பெயர் இருந்த விதம். நம் ஊரில் பலரைப் போல எனக்கும் குடும்பப் பெயருக்கான இடம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகும். இதில் பள்ளிச் சான்றிதழில் முஹம்மதுக்கு ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டில் வேறொன்று. வாப்பா அலைந்து திரிந்து பாஸ்போர்ட்டைப் பெயர் பிரித்து மறுபடி எடுத்துத் தந்தார். பள்ளி தரும் சேர்க்கைப் படிவமான ஐ-20, டிஎஸ்ஏ விண்ணப்பம், பிறகு இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவில் உரிமம் மாற்றுவது என்று அத்தனை இடத்திலும் ஒரே எழுத்து இருந்தால்தான் நிம்மதி. விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரி செய்துவிடுங்கள்.

அப்படியும் விசா நேர்காணலில், இன்னும் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லும் 221(ஜி) தாள் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். வகுப்பு தொடங்கும் தேதி கடந்துபோய், பள்ளி புது ஐ-20 அனுப்ப வேண்டியிருந்தது. விசா கையில் வராமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள், முழுக் கட்டணத்தையும் கட்டாதீர்கள்.

பணம்தான் எங்கள் வீட்டில் பெரிய பாரமாக இருந்தது. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவுக்குப் படிப்புக் காலம் முழுமைக்கும் பணம் கையிருப்பில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மற்றவர்கள் வங்கிக் கடன் ஒப்புதல் கடிதத்தை நீட்டிவிடுகிறார்கள். வட்டி வேண்டாம் என்று இருக்கும் குடும்பம் நிலத்தை விற்க வேண்டும், அல்லது சொந்தபந்தத்திடம் கைமாற்று வாங்க வேண்டும். நாங்கள் இரண்டும் செய்தோம். எத்தனையோ நல்ல பிள்ளைகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கல்வி உதவி செய்யும் நம் ஜமாஅத்துகள் விமானி படிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

தொழுகை நினைத்ததைவிட எளிதாக இருந்தது. ஊரில் மேற்கே பார்த்துத் தொழுதவனுக்கு அங்கே கிப்லா, அதாவது மக்காவை நோக்கித் தொழும் திசை, வடகிழக்கு. பூமி உருண்டையில் மிகக் குறுகிய வழி அதுதான் என்பது நேவிகேஷன் வகுப்பில் பெருவட்டப் பாதை படித்தபோது தெளிவாக விளங்கியது. நெடுந்தூரத் தனிப் பறத்தலின்போது நண்பகல் தொழுகையான லுஹரையும் பிற்பகல் தொழுகையான அஸரையும் சேர்த்துத் தொழுதேன். இறங்கும் சிறு விமான நிலையங்களில் விமானிகள் இளைப்பாற ஓர் அறை இருக்கும். கேட்டால் ஒரு மூலையை ஒதுக்கித் தருவார்கள். என்னோடு படித்த மலேசியத் தோழிக்கு ஹெட்செட்டின் அழுத்தத்தில் தலைத்துணி ஊசி குத்தியது. ஊசி வேண்டாத துணிக்கு மாறினாள், தீர்ந்தது.

நோன்பு விஷயத்தை அப்படி லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வெயிலில் நிற்கும் செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தின் காக்பிட்டில் பெரும்பாலும் ஏசி இருக்காது. மேலே ஏறி இறக்கையில் உள்ள எரிபொருள் பார்த்து, ஆயில் பார்த்து, டயர் பார்த்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். தண்ணீர்ச் சத்து குறைந்தால் கவனம் மங்கும், களைப்பு கூடும். சர்க்கரை இறங்கினால் தலைசுற்றும். கீழே வீடுகள் இருக்கின்றன, பக்கத்தில் பயிற்சியாளர் இருக்கிறார். ரமலானுக்கு முன்பே விமான மருத்துவரிடமும் ஊர் ஆலிமிடமும் (மார்க்க அறிஞரிடமும்) பேசினேன். பயணத்தில் இருப்பவர் வேறு நாளில் நோற்றுக்கொள்ளலாம் என்று குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் சொல்கிறது. ஓர் ஊரில் தங்கிப் படிப்பவரைப் பயணி என்று சொல்லலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனால் உங்கள் ஆலிமிடம் நீங்களே கேளுங்கள். நான் எடுத்த முடிவு: பறக்கும் நாளில் நோன்பில்லை, அதைப் பிறகு வேறு நாளில் நோற்று களா செய்வது. வகுப்பும் சிமுலேட்டரும் மட்டும் உள்ள நாளில் நோன்பு. பயிற்சியாளரிடம் இதை முன்கூட்டியே சொன்னதும் அவர் பறத்தல்களைச் சில நாட்களில் சேர்த்துப் போட்டுத் தந்தார். சொல்லாமல் நோன்போடு ஏறும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அது ஈமானின் (இறைநம்பிக்கையின்) வலிமை என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இனி வரும் சில ஆண்டுகள் ரமலான் குளிர்காலத்தில் வருகிறது. 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு முறை வரும். ஃபுளோரிடாவில் அப்போது பகல் குறைவு, வெயிலும் தணிந்திருக்கும். சேரும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.