பேசாப்படத்தில் ஊதாரி மைந்தன்: நாட்குறிப்பு

மார்ச் 8, 2025, சனி

இந்தத் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது வருகிற 30ஆம் தேதி, கத்தோலிக்கக் கோயில்களில் வாசகம் லூக்கா 15: ஊதாரி மைந்தன் உவமை. சொத்தில் பங்கு வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளையவன், அவனைக் கட்டிக்கொள்ளும் அப்பா, அதற்குக் கோபிக்கும் மூத்தவன்: இதுதான் கதை. சீர்திருத்த சபைக்காரர்கள் வாயில் அது 'கெட்ட குமாரன்'. அதுவரைக்கும், பேசாப்படக்காரர்கள் இந்த உவமையை என்ன பாடு படுத்தினார்கள் என்று இங்கே அவ்வப்போது குறித்து வைக்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. உவமை 11ஆம் வசனத்திலிருந்து 32 வரை, மொத்தம் 22 வசனம். சொத்துப் பிரிக்க 2. கிளம்பிப்போய் எல்லாவற்றையும் அழிக்க 1, அதிலும் கூத்தடித்த சேதி பின்பாதியில்தான். பஞ்சமும் பன்றியும் 3. புத்தி தெளிய 3. அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்ள, கன்று அடிக்க 5. மிச்சம் 8 வசனமும் வாசலுக்கு வெளியே கோபித்துக்கொண்டு நிற்கும் மூத்தவனுக்கு.

படத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. அரை வசனம் ஊதி உப்பிப் படத்தையே விழுங்குகிறது. எட்டு வசனக்காரனுக்கு இடமில்லை. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கூத்தைக் காட்டிவிடலாம். மூத்தவன் செய்வது வாதம், வாதத்துக்கு வாய் வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

மிஷேல் காரேயின் 'லான்ஃபான் ப்ரோதிக்', பிரெஞ்சில் 'ஊதாரிப் பிள்ளை'. 1907 ஜூன் 20, பாரிஸ் வரியேத்தே அரங்கம். ஐரோப்பாவில் எடுத்த முதல் முழுநீளப் படம் என்று பெயர் பெற்றது. காரே 1890இல் தானே எழுதி மேடையேற்றிய மூன்று அங்க மௌன நாடகத்தை அப்படியே கேமரா முன்னால் நடத்திப் பிடித்தது. கேமரா நகரவில்லை, மேடையும் மாறவில்லை. சினிமாவாக இது சப்பைதான்.

ஆனால் உவமைக்குச் செய்த அறுவைச் சிகிச்சை கவனிக்கத்தக்கது. வீடு பியரோ வீடு: வெள்ளை முகத்துக் கோமாளி அப்பா, அம்மா, ஒரே பிள்ளை. உவமையில் அம்மா கிடையாது, இங்கே உண்டு. அண்ணன் கிடையாது. பிள்ளை பங்கு கேட்பதில்லை. ராத்திரியில் அப்பா பணத்தைத் திருடிக்கொண்டு, ஃப்ரினெத் என்ற சலவைக்காரியோடு ஓடுகிறான். காசு தீர்ந்ததும் அவள் பணக்காரப் பிரபு பக்கம் சாய்ந்துவிடுகிறாள். திரும்பி வருகிறவனை அம்மா ஏற்றுக்கொள்கிறாள், அப்பா மாட்டேன் என்கிறார். வெளியே ராணுவ வாத்தியம் கேட்க, பிள்ளை பட்டாளத்தில் சேரக் கிளம்பும்போதுதான் அப்பா இளகுகிறார்.

அண்ணனை வெட்டியாயிற்று, அவன் கோபத்தை வெட்ட முடியவில்லை. அதைத் தூக்கி அப்பா தலையில் வைத்துவிட்டார் காரே. விளைவு, உவமையின் மையமான ஓட்டம், கிழவர் பெற்றபிள்ளையைப் பார்த்ததும் தெருவில் ஓடும் அந்த ஓட்டம், போயே போய்விட்டது.

மார்ச் 12, புதன்

அதே படம், வேகக் கணக்கு. நீளம் சுமார் 1,600 மீட்டர். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃப்ரேம் (தனித்தனிப் படம்), மீட்டருக்கு 52.5. ஆக 84,000 ஃப்ரேம். நொடிக்கு 16 ஓட்டினால் 87 நிமிடம் 30 நொடி. ஒன்றரை மணி நேரப் படம் என்ற பழைய பேச்சோடு ஒத்துப்போகிறது. 18இல் 78 நிமிடம். பேசும்பட வேகமான 24இல் 58 நிமிடம். பியரோ அப்பா கொசு விரட்டுகிறவர் மாதிரி கையாட்டுவார்.

ஆந்த்ரே வோர்ம்ஸர் மேடை நாடகத்துக்கு எழுதிய இசையில் ஒவ்வொரு சைகைக்கும் சுரம் உண்டு. அதை வாசிக்கப்போகிறவர்கள் வேகத்தைப் பியானோவை வைத்தே முடிவு செய்வது நல்லது. ஒரு காட்சியின் இசையை நிதானமாக வாசித்து நொடி எண்ணுங்கள், அந்தக் காட்சியின் ஃப்ரேம் எண்ணிக்கையை அதால் வகுங்கள். 15க்கும் 18க்கும் நடுவே வந்தால் நம்பலாம். 22 என்று வந்தால் பியானோக்காரர் அவசரப்படுகிறார்.

புரொஜெக்டரில் ஷட்டரையும், அதாவது சுழன்று வெளிச்சத்தை மறைத்துத் திறக்கும் தகட்டையும், பாருங்கள். இரண்டு இறக்கை ஷட்டர் 24 ஃப்ரேமுக்கானது, நொடிக்கு 48 தடவை வெளிச்சம் தரும். அதே ஷட்டரில் 16 ஓட்டினால் 32 தடவைதான். திரை துடிக்கும், தலை வலிக்கும். மூன்று இறக்கை மாட்டினால் பழையபடி 48.

மார்ச் 15, சனி

அந்த வெள்ளைப்பூச்சு பற்றி. அக்கால ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. உதட்டுச் சாயம் கறுப்பாகும், சிவந்த தோல் அழுக்குப் பிடித்த மாதிரி பதியும், நீல வானம் வெளுத்துப்போகும். பியரோவின் மாவு முகம் இதிலிருந்து தப்பியது. ஆனால் வேறு தொல்லை: வெளிச்சம் கொஞ்சம் தூக்கலானாலும் மூக்கும் கன்னமும் ஒரே வெள்ளையில் கரைந்து, புருவக்கோடும் வாயும்தான் மிஞ்சும். நடிப்பு முழுவதையும் அந்த இரண்டும் கையும் சுமக்க வேண்டியிருக்கும். பிரதி எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் ஏறினால் அதுவும் போச்சு.

மார்ச் 19, புதன்

பிரிட்டன், 1923, 'தி ப்ராடிகல் சன்': ஸ்டோல் நிறுவனம், இயக்கம் ஏ. ஈ. கோல்பி. மூலம் ஹால் கெய்ன் 1904இல் எழுதிய நாவல். கதை ஐஸ்லாந்தில் நடக்கிறது, படப்பிடிப்புக்கும் அங்கே போனார்கள். சுமார் 4 மணி 40 நிமிடம். 18 ஃப்ரேம் வேகம் என்று வைத்தால் ஆயிரம் அடி ரீல் 19 வேண்டும். உவமை தலைப்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

'தி வாண்டரர்', 1925, பாரமவுண்ட், ரவுல் வால்ஷ். முந்தைய ஆண்டுதான் 'தீஃப் ஆஃப் பாக்தாத்' எடுத்து முடித்திருந்தார். 1923இல் டெமில் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' எடுத்ததும் இதே பாரமவுண்டுக்குத்தான், வேதக்கதைக்குக் காசு விழும் என்று தெரிந்துபோன நேரம். மூலம் மாரிஸ் சாமுவேல்ஸ் நாடகம், 1917இல் நியூயார்க் மன்ஹாட்டன் ஆபரா ஹவுஸில் நடந்தது. அதற்கும் மூலம் ஜெர்மன்காரர் ஷ்மிட்பான் நாடகம்.

இளையவன் ஜெத்தேர்: வில்லியம் கோலியர் ஜூனியர். மயக்குகிறவள் திஷா, இஷ்தார் கோயில் பூசாரிணி: கிரேட்டா நிஸ்ஸன். அப்பா ஈசாய் வேடத்தில் டைரோன் பவர். அதே பெயரில் பின்னாளில் புகழ்பெற்ற நடிகரின் தகப்பனார், இருவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அண்ணன் உண்டு, பெயர் காயால்.

வேசிகளைப் பற்றி மூத்தவன் 30ஆம் வசனத்தில் ஒரு வார்த்தை எறிகிறானே, அதிலிருந்து முளைத்தவள் திஷா. 13இல் அந்தப் பேச்சே இல்லை. அண்ணனின் குற்றச்சாட்டை அப்படியே நம்பித் திரைக்கதை எழுதியிருக்கிறார்கள்! அதோடு தீர்க்கதரிசி, கடவுளின் சினத்தில் அழியும் நகரம், தன் தெய்வத்தை மறுதலிக்காததால் பிழைக்கும் இளையவன். இவை சோதோம் கதையிலிருந்து கடன் வாங்கினவை. தவறு என்று சொல்லமாட்டேன். உவமையில் அவனைக் கவிழ்ப்பது பஞ்சம், பஞ்சம் மெதுவாக வருவது. ஒன்பது ரீல் படத்துக்கு இடிந்து விழும் தூண்தான் தோது.

மார்ச் 25, செவ்வாய்

அந்தப் பேசாப்படக் காலத்துப் பிரிண்டைத் தொடுகிறவர்களுக்கு. நிறம் இரு வகை. டின்டிங் என்றால் ஃபிலிமைச் சாயத்தில் முக்குவது, வெளிச்சப் பகுதி நிறம் பிடிக்கும். டோனிங் என்றால் ஃபிலிமில் படமாகப் பதிந்திருக்கும் வெள்ளியை மாற்றுவது, நிழல் பகுதி நிறமாகும். விளக்கொளி விருந்துக்கு ஆம்பர் (தேன் மஞ்சள்), ராத்திரிக்கு நீலம், தீக்குச் சிவப்பு என்பது வழக்கம். சிவப்பில் முக்கிய துண்டை நீலத்துக்கு மட்டும் உணர்வுள்ள பிரதி ஃபிலிமில் எடுத்தால் காட்சி மொத்தமும் கரியாகிவிடும். நிறம் மாறுமிடமெல்லாம் ஒட்டு இருக்கும், ஓட்டுமுன் ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பாருங்கள்.

ஃபிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்க்க: பழைய ஃபிலிமைப் புது ஃபிலிம்மேல் வைத்து ஓரத்தில் 100 துளை எண்ணவும். நூறாவதில் ஒரு முழுத் துளை விலகியிருந்தால் சுருக்கம் 1 சதவீதம். அதை புரொஜெக்டரில் ஏற்றக்கூடாது, சக்கரத்தின் பல் துளையைக் கிழித்துவிடும். நைட்ரேட் (அக்காலத்து, எளிதில் தீப்பற்றும் ஃபிலிம்) பிசுபிசுத்தால், நுரைத்தால், பழுப்புத் தூளானால் மற்ற ரீல்களிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும், அதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 29, சனி

நாளை வாசகம். தமிழ் டைட்டில் கார்டு, அதாவது பேசாப்படத்தில் இடையிடையே வரும் எழுத்து அட்டை, செய்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒரு கார்டில் 12 சொல்லுக்கு மேல் வேண்டாம். நிதானமாக இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கும் நேரம் திரையில் நிற்கட்டும். அப்பா ஓட ஆரம்பித்த பிறகு, கட்டிக்கொள்ளும் வரை, குறுக்கே கார்டு போடவே கூடாது. பையன் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சை முடிக்க விடாமல் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிடுகிறார். அவன் கார்டைப் பாதி வாக்கியத்திலேயே வெட்டிவிடுங்கள். பன்றித் தீவனத்துக்குப் பழைய தமிழ் வேதாகமம் 'தவிடு' என்கிறது, கிரேக்கத்தில் அது கரோப் மரத்து நெற்று. திரையில் பன்றி எதை மெல்லுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசிக் கார்டு அப்பா பேச்சாக இருந்தால், அதன்பின் 'சுபம்' வேண்டாம். மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.