கஞ்சமலையிலிருந்து ஷெஃபீல்டுக்கு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் வயதானவர்களிடம் வழி கேட்டால், இப்போது இல்லாத இடங்களை அடையாளம் சொல்வார்கள். “மீன் தொட்டி இருந்த இடத்தில் இறங்கு” என்பார்கள். “கோல்ஸ் மூலையில் நின்றால் தெரியும்” என்பார்கள். செவிலியர் வேலை கிடைத்துச் சேலத்திலிருந்து வந்த புதிதில், அந்தப் பெயர்களைக் கைபேசி வரைபடத்தில் தேடிக் களைத்திருக்கிறேன். நகர மைய நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு வைத்திருக்கும் புகைப்படத் தொகுப்பு அதன் பிறகுதான் கண்ணில் பட்டது. பல்லாயிரம் படங்கள், இணையத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். ஒரு தெருவின் பெயரைத் தட்டினால், அந்தத் தெரு எந்தெந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று வரிசையாக வந்து நிற்கும். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. பணி இல்லாத மாலைகளில் எனக்கு அதுவே வேலையாகிப் போனது.

மீன் தொட்டி அங்கேதான் கிடைத்தது. 1967இல் காசில் சதுக்கத்தில் சாலை மட்டத்துக்குக் கீழே வட்டமாகப் பெரிய பள்ளம் தோண்டி, மேலே வண்டிகளும் கீழே மனிதர்களும் போகும்படி கட்டினார்கள். நடுவில் திறந்த வானம், சுற்றிலும் கடைகள், சுவருக்குள் பதித்த கண்ணாடித் தொட்டியில் மீன்கள். ஊருக்குள் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் நிற்பார்களாம். 1994இல் புதிய டிராம் பாதைக்காகப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். இன்று நான் டிராமுக்காகக் காத்திருக்கும் நிறுத்தம் அதன் மேல்தான் இருக்கிறது.

கோல்ஸ் மூலை அதைவிடப் பழையது. ஃபார்கேட்டும் சர்ச் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் கோல் பிரதர்ஸ் என்ற பெரிய கடை இருந்தது. காதலிப்பவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்ற முனை அது. கடை 1963இல் பார்க்கர்ஸ் பூலுக்கு மாறியது, பிறகு ஜான் லூயிஸ் என்று பெயரும் மாறியது, 2021இல் ஒரேயடியாக மூடப்பட்டது. கடை இடம் மாறி அறுபது ஆண்டுகள் ஆன பின்னும் அந்த முனைக்குப் பெயர் மட்டும் மாறவில்லை.

டிராம் படங்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமை வரும். வெளிர் மஞ்சளும் நீலமுமாக மாடி வைத்த வண்டிகள், இந்த மேடு பள்ளமான ஊரின் செங்குத்துத் தெருக்களில் ஏறி இறங்கியிருக்கின்றன. இனி பஸ் போதும் என்று முடிவு செய்து, 1960 அக்டோபர் 8ஆம் தேதி கடைசி ஓட்டத்தை நடத்தினார்கள். கொட்டும் மழையில் ஜனங்கள் தெருவோரம் திரண்டு வழியனுப்பிய படங்கள் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போது, இவர்களிடம் கேட்டா முடிவெடுத்தார்கள் என்று தோன்றும். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, பெரும் செலவில் மறுபடியும் தண்டவாளம் போட்டார்கள்.

1940 டிசம்பர் 12, 15 ஆகிய இரவுகளின் குண்டுவீச்சுப் படங்களை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. இருநூறு ரகக் காய்கறிகளுக்கு நடுவே இட்லி அரிசி தேடிக்கொண்டு நான் நடக்கும் ‘தி மூர்’ கடைவீதி, ஒரே இரவில் எலும்புக்கூடாக நிற்கிறது. ஃபிட்ஸலன் சதுக்கத்தில் மார்ப்பிள்ஸ் என்ற மதுவிடுதியின் நிலவறையில் பதுங்கியிருந்த சுமார் எழுபது பேர் அங்கேயே மாண்டார்கள். போருக்குப் பின் எழுந்த கட்டடங்கள் ஏன் இப்படி மொட்டையாக இருக்கின்றன என்று நான் சலித்துக்கொண்டதற்கு அந்தப் படங்களில் பதில் இருந்தது.

1950களுக்கு முந்தைய எந்தப் படத்தை எடுத்தாலும் புகைதான் முதலில் தெரியும். டான் ஆற்றின் கரையில், அட்டர்கிளிஃப் பக்கம், வீட்டு வரிசைகள் முடியும் இடத்திலேயே உருக்காலைச் சுவர் தொடங்கிவிடும். 1897இல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்த நகர மன்றக் கட்டடம் அந்தப் படங்களில் கன்னங்கரேலென்று நிற்கிறது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக்குத் தடை விதித்த பகுதிகள் வட்டாரம் வட்டாரமாகப் பெருகின. இன்று அதே மேட்டில் நின்றால் எதிர்மேட்டு மரங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. காற்றுச் சுத்தமானதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை, ஆலைகளும் போய்விட்டன என்பதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

அவர் உலையில் எஃகு உருக்கியவர். மனைவி, கத்தி கரண்டிகளைச் சக்கரத்தில் வைத்து மெருகேற்றும் பட்டறையில் வேலை பார்த்தவர். தலையில் துணி கட்டி, உடம்பில் அழுக்குப் படாமல் பழுப்புக் காகிதத்தையும் செய்தித்தாளையும் சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்கும் அந்தப் பெண்களின் படங்கள் தொகுப்பில் நிறைய உண்டு. எல்லாருமே சிரிக்கிறார்கள். கறுத்துப்போன முகங்களில் பற்கள் மட்டும் வெளுப்பாகத் தெரியும் அந்தச் சிரிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நாள் முழுவதும் நின்று செய்யும் வேலை எப்படிப்பட்டது என்று வார்டில் நிற்கும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் பெரியவரிடம், என் அப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்தவர் என்று சொன்னேன். அதுவரை வானிலை பற்றியும் குப்பைத் தொட்டி எடுக்கும் நாள் பற்றியும் மட்டுமே பேசியிருந்தோம். எந்த ஆலை, என்ன எஃகு, எத்தனை அடுக்கு உருளை என்று கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு, அதன் அருகில் எவர்சில்வர் தகடு உருட்டும் ஆலை என்றேன். அப்பா தலைக்கவசத்தோடு ஆலையில் நிற்கும் படத்தைக் கைபேசியில் காட்டியதும், அவர் அப்பாவை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த இயந்திரத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

எவர்சில்வர் எங்கிருந்து வந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. 1913இல், துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேய்ந்துபோகாமல் இருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி என்ற ஷெஃபீல்டுக்காரர், இரும்பில் குரோமியம் கலந்து பார்த்தார். துருப்பிடிக்காத எஃகு பிறந்தது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர் அவர். அம்மா பெயர் வெட்டி வாங்கிய குடம், என் கல்யாணச் சீர் அடுக்கு, பள்ளிக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் மூலம் நான் இப்போது வாழும் ஊர்.

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. சேலம் ஆலை உற்பத்தியில் இறங்கி, அப்பாவின் தலைமுறைக்கு நிரந்தர வேலை கிடைத்த 1980களின் தொடக்கத்தில்தான், இங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹாட்ஃபீல்ட்ஸ் ஆலை 1983இல் நின்றது. அந்த இடத்தில் 1990இல் மெடோஹால் வணிக வளாகம் திறந்தது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை நாங்கள் முதலில் அழைத்துப்போகும் இடம் அது. பெரியவருக்கு வேலை போனபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு கிடைத்ததெல்லாம் காவலாளி வேலைதான். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, எனக்குத்தான் வந்தது. நான் நாடு மாறி வந்தவள். அவரோ பிறந்த தெருவிலிருந்து சில மைல்கூட நகராதவர். ஆனாலும் தான் வளர்ந்த ஊரைப் பார்க்க அவரும் என்னைப்போலப் படங்களைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அவரும் காணொளியில் பேசுகிறார்கள், நான் நடுவில் மொழிபெயர்க்கிறேன். “பெரியவர் சாப்பிட்டாரா என்று கேளம்மா” என்பதில்தான் அப்பா ஆரம்பிப்பார். பிறகு உலைச் சூட்டில் உப்புத் தண்ணீர் குடித்தது, இரவு ஷிஃப்டு தூக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

நான் வேலை பார்க்கும் நார்தர்ன் ஜெனரல் மருத்துவமனையும் படங்களில் வேறாக இருக்கிறது. கதியற்ற ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய ஃபிர் வேல் விடுதியாகத்தான் அது 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. மணிக்கூண்டுக் கட்டடம் இன்றும் நிற்கிறது. மிக வயதான நோயாளிகள் சிலர் இங்கே படுக்கை கிடைத்ததும் ஏன் முகம் சுருங்குகிறார்கள் என்பது அந்தப் படங்களைப் பார்த்த பிறகே எனக்குப் புரிந்தது. இப்போதெல்லாம் அவர்களிடம் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுகிறேன்.

இந்தத் தொகுப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. 1950, 60களில் ஏமனிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்து, உலைகளில் மிகக் கடினமான வேலைகளைச் செய்தவர்கள் நான் பார்த்தவரை அரிதாகவே தென்படுகிறார்கள். அவர்கள் படம் எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் நம்பவில்லை. ஊருக்கு அனுப்பிய கடிதங்களுக்குள் அந்தப் படங்கள் போய்விட்டிருக்கும். நம்மவர்கள் செய்வதும் அதுதான். கோயில் திருவிழா, பொங்கல், குழந்தையின் முதல் பள்ளி நாள் எல்லாம் கைபேசியிலேயே கிடந்து, கைபேசியோடு தொலைகின்றன.

பெரியவர் வீட்டில் ஒரு காலணிப் பெட்டி நிறையப் படங்கள் இருந்தன. பாதிப் படங்களின் பின்னால் எதுவுமே எழுதவில்லை. சில முகங்கள் யாருடையவை என்று அவருக்கே நினைவில்லை. நினைவிருக்கும்வரை பெயர், தெரு, ஆண்டு என்று அவர் சொல்லச் சொல்ல நான் மெல்லிய பென்சிலால் எழுதுகிறேன். பேனா மை படத்தின் முன்பக்கம் ஊறிவிடும். முடிந்ததும் பெட்டியை நூலகத்தில் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அதோடு, நாங்கள் கொலு வைத்த படத்தையும், பனியில் முதல்முறை காலை வைத்த என் மகளின் படத்தையும் அச்சிட்டு, பின்னால் எங்கள் தெருவின் பெயரை எழுதிச் சேர்த்திருக்கிறேன்.