அம்மாவுக்கு ஒரு வரி

யுபிஎஸ்சி மெயின்ஸ் தேர்வின் பொதுப்பாடம் முதல் தாள் பாடத்திட்டத்தில், இந்தியச் சமூகத்தில் உலகமயமாக்கலின் விளைவுகள் என்று ஒரு வரி வரும். அதற்காக ஒரு நோட்டு முழுக்கக் குறிப்பெடுத்தேன். 1991, தாராளமயம், அந்நிய முதலீடு... மறுவாரமே எல்லாம் மறந்துவிடும்.

எங்களுக்குத் திருப்பூர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். ஒருநாள், "ஆர்டர் இல்லை, அடுத்த வாரம் லீவாம்" என்று வந்து உட்கார்ந்தார். ஏன் என்றேன். "பங்களாதேஷ்காரன் நம்மைவிடக் கம்மிக்குக் குடுக்கிறானாம்."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு தேடினேன். எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்ற கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று முடிந்துபோயிருந்தது. வங்கதேசம் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் இருந்ததால் அதன் ஆடைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இறக்குமதி வரி கிடையாது, நம்முடையதற்கு இருந்தது. புத்தகத்தில் நான்கு முறை படித்தும் ஏறாத விஷயம், அம்மாவின் ஒரு வாரக் கூலி போனதும் ஏறிவிட்டது.

அப்புறம் எங்கள் ஊர் ஆறு நொய்யல். சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற விதிக்கு வராத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் தெருவில் அதை வேலை போன கதையாகச் சொல்வார்கள்; ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளிடம் கேட்டால் வேறு கதை. விடையில் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் என்பது இதற்குத்தான். பக்கத்து லைன் வீட்டில் ஒடிசா, பீகார் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். இடப்பெயர்வுப் பாடத்துக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை. முதல் மாதிரித் தேர்வில் அம்மாவைப் பற்றியே முக்கால் பக்கம் எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில் "கதையா?" என்று கேட்டிருந்தார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அனுபவம் நமக்குப் புரிவதற்கு. தாளில் போக வேண்டியது ஆண்டு, கொள்கை, காரணம். பத்து மதிப்பெண் விடைக்கு 150 சொல்தான். அதில் அம்மாவுக்கு ஒரு வரி கொடுக்கலாம்.