ரிசல்ட் வாரம்

ஆகஸ்ட் 11, 2024

இரவு பதினொரு மணி தாண்டியும் மேலே மகளின் கிற்றார்ச் சத்தம். வியாழக்கிழமை அவளின் ஏ லெவல், பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை ரிசல்ட்.

ஆகஸ்ட் 12

மகளுக்குப் பிடித்த பாட்டுக்காரி, பியாபடூபி. இப்போதுதான் இந்தப் பெயர் வாயில் நுழைகிறது. பிலிப்பைன்ஸில் இலோய்லோவில் 2000இல் பிறந்து, மூன்று வயதில் லண்டனுக்கு வந்த பிள்ளை. ஏழு வருஷம் வயலின் படித்தாளாம். 17 வயதில் தகப்பன் பழைய கிற்றார் ஒன்று வாங்கிக் கொடுக்க, யூடியூப் பார்த்தே பழகினாளாம். மகள் இதைத் தேவாரம் மாதிரி ஒப்புவிக்கிறாள்.

எங்கள் வீட்டு வயலின் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ரீச்சருக்குக் கொடுத்த காசைப் பற்றி வாய் திறந்தேன். "அவவும் வயலினை விட்டவதானே அம்மா!"

ஆகஸ்ட் 13

நித்திரை இல்லை.

ஆகஸ்ட் 14

2017இல் அந்தப் பிள்ளை போட்ட முதல் பாட்டு 'காஃபி'. அதில் ஒரு துண்டை எடுத்து, பவ்ஃபு என்ற கனடாப் பொடியன் ராப் பாடினான். 2020இல், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம், ரிக்ரொக் முழுக்க அதுதான். யாரோ ஒருவன் எடுத்துப் பாடியதில் வந்த பேரை நம்பி என் பிள்ளை படிப்பை விடுவதா? சரி, நியாயமாகவும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே டேர்ட்டி ஹிட் என்ற பாட்டுக் கொம்பனி அவளை எடுத்துவிட்டது. அவளும் சும்மா இருக்கவில்லை, பாட்டுப் பாட்டாகப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். 2023இல் அமெரிக்காவில் ரெய்லர் ஸ்விஃப்டுக்கு முன்னால் மேடையேறியும் விட்டாள்.

ஆனால் அவளைப் போலப் பாட்டுப் போட்ட மற்றப் பிள்ளைகள் எங்கே? அவர்களின் தாய்மாருக்கு என்ன பதில்?

ஆகஸ்ட் 15

லீட்ஸ் யூனிவர்சிற்றியில் இடம் கிடைத்துவிட்டது! இவர் அழுதே விட்டார். பாயாசம் வைத்தேன். சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகச் சொல்கிறாள், "ஒரு வருஷம் தள்ளிப் போடட்டா?"

ஆகஸ்ட் 16

பியாபடூபியின் மூன்றாவது ஆல்பம் போன வெள்ளிக்கிழமை வந்தது. ரிக் ரூபின் என்ற பெரிய தயாரிப்பாளரோடு, மாலிபுவில் செய்ததாம். வெங்காயம் அரியும்போது மகள் போட்டாள். கத்தாத சின்னக் குரல். நல்லாத்தான் இருக்கு. மகளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

வயலின் பெட்டி கட்டிலுக்குக் கீழே இல்லை. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23

அந்த ஆல்பம் போன வெள்ளிக்கிழமை பிரித்தானிய ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்ததாம். முதல் ஆல்பம் 8, இரண்டாவது 4, இப்போது 1. மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

தள்ளிப் போடக் கேட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இவர் ஃபோனில் கனடா மச்சானிடம், "அடுத்த மாதம் லீட்ஸுக்குப் போறாள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.